விலை சொல்லாத ரொட்டிக் கடை

சித்தூர் வெல்ல மண்டியில் இன்பசேகரனிடம் பேரத்தில் மாட்டித் தப்பியவர் யாருமில்லை என்று ஒரு பேச்சு இருந்தது. பேச்சைக் கிளப்பிவிட்டவனே இன்பசேகரன்தான் என்றாலும் அதில் பொய் அதிகமில்லை. அவன் அப்பா ஞானசிங் மண்டியில் தரகர். எழுத்துப் படிப்பதற்கு முன்பே துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசக் கற்றுக்கொண்ட பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை மிஷன் கோயிலில் காணிக்கைப் பை எதிரே வந்து நிற்கும்போதுகூட அவன் கை ஒரு கணம் யோசிக்கும் என்று சபையில் சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்பேர்ப்பட்டவன் ஒரு திங்கட்கிழமை காலையில், கோர்ட்டுக்குப் போகும் ரோட்டில் இருந்த ஈரானி சாயபுவின் ரொட்டிக் கடை வாசலில் நின்று, உள்ளே போவதற்கு முன் சட்டைக் காலரை இரண்டு தடவை சரிசெய்துகொண்டான். வாங்க வந்தது பலகாரம்தான். ஆனால் அந்தப் பலகாரம் கிடைக்காவிட்டால் ஜெயகுமாரி கிடைக்கமாட்டாள்.

ஜெயகுமாரி திருப்பதிக்காரி. சித்தூரில் தங்கி உபாத்தியாயினி வேலைக்குப் படித்தவள். போன ஐப்பசியில் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்தில், யாரோ காணிக்கையாக வைத்த பூசணிக்காய் ஒன்றை இன்பசேகரன் நாலணாவுக்கு அமுக்கிவிடப் பார்த்தான். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் ‘அஞ்சணா’ என்றது. அவன் ஆறு என்றான், அது ஏழு என்றது. வீம்பில் அவன் ஒண்ணேகால் ரூபாய்க்கு ஏறியதும் அந்தக் குரல் நிம்மதியாக நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால், பாட்டுப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் முந்தானையில் அன்றைக்கு இரண்டணாகூட இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பூசணிக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போதே அவன் தீர்மானித்துவிட்டான், கல்யாணம் என்று ஒன்று செய்தால் இவளைத்தான்.

தடை அவள் அப்பா. இயேசுதாசன் திருப்பதியில் ஆஸ்பத்திரி கம்பவுண்டர். ஜெர்மன் சண்டையின்போது பட்டாளத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்து பாஸ்ரா வரைக்கும் போய்வந்தவர். சண்டை முடிந்து பதினாறு வருஷம் ஆகியும் மனுஷர் பாஸ்ராவிலிருந்து முழுசாக ஊர் திரும்பவில்லை. எதை எடுத்தாலும் பாஸ்ராவில் அப்படி, பாஸ்ராவில் இப்படி. முந்தின சனிக்கிழமை இன்பசேகரன் பெண் கேட்டுப் போனபோது, நாலு பேர் எதிரில் அவர் சொன்னது இது:

“மண்டிக்காரங்க நாக்குக்கு ஒரே ருசிதான் தம்பி, வெல்லம். பாஸ்ராவுல பாரசீகன் கோத்தாப்னு ஒண்ணு பண்ணுவான் பாரு. உள்ள வாதாமும் ஏலக்காயும், மேல சக்கரப் பொடி. பல்லே படாது, அப்பிடியே கரைஞ்சிடும். அதெல்லாம் பார்த்த வீடு இது. எம் பொண்ண வெல்லச் சிப்பத்து மேல உக்கார வெக்கறதுக்கா படிக்க வெச்சேன்?”

“அந்தக் கோத்தாப்பு நான் கொண்டாந்தா?” என்றான் இன்பசேகரன்.

எல்லாரும் சிரித்தார்கள். கம்பவுண்டர்தான் அதிகம் சிரித்தார்.

“கொண்டாந்து எங் கண்ணு முன்னால வை. அப்புறம் பேசலாம். வர்ற சனிக்கெழம மூணு மணிக்கு வேலூர்லேர்ந்து தாலூகா ஆபீஸ் குமாஸ்தா வூட்டுக்காரங்க வராங்க. அவங்களுக்கு வாக்குக் குடுக்கறதா இருக்கேன். அதுக்குள்ள கொண்டா பாக்கலாம்.”

அவர் சொன்னது கேலி. ஆனால் மண்டியில் நாலு பேர் எதிரில் சொன்ன வார்த்தை, கேலியாகச் சொன்னாலும் கிரயம்தான். இன்பசேகரன் எழுந்து, “சரி மாமா” என்றுவிட்டு வந்தான்.

ரொட்டிக் கடை மீர்சா காசிம் என்பவருடையது. பாரசீகத்தில் யஸ்த் என்ற ஊரிலிருந்து பம்பாய் வழியாக வந்து சித்தூரில் கடை போட்டுப் பன்னிரண்டு வருஷம். கண்ணாடி அலமாரியில் பன், ரஸ்க், முட்டை பிஸ்கட், வெண்ணெய் பிஸ்கட். கோர்ட்டு கூடுமுன் வக்கீல்களும் அவர்களுடைய குமாஸ்தாக்களும் அங்கேதான் டீ குடிப்பார்கள். சாயபு தமிழை அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டதால், அவர் வாயைத் திறந்தால் மனு எழுதிப் படித்த மாதிரி இருக்கும்.

“கோத்தாப்பா?” கிழவரின் வெள்ளைப் புருவம் மேலே போயிற்று. “அதன் பெயர் தங்களுக்கு எப்படித் தெரியும்? எங்கள் புது வருஷத்துக்கு, பங்குனியில் மட்டும்தான் அதைச் செய்வேன். பரவாயில்லை. தாங்கள் கேட்டுவிட்டீர்கள், செய்கிறேன்.”

இன்பசேகரனுக்கு உள்ளே குளிர்ந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. சரக்கு வேண்டும் என்பதை முகத்தில் எழுதிவைத்தால் விலை ஏறும்.

“ஒரு நாப்பது வேணும். இன்னா வெல சாயபு?”

மீர்சா வலக்கையை நெஞ்சில் வைத்துத் தலையைச் சாய்த்தார். “விலையா? தாங்கள் கேட்டதே போதும். தங்கள் முன்னால் வைக்க அதற்குத் தகுதி ஏது?”

“அது கெடக்கட்டும். வெலயச் சொல்லுங்க.”

“சும்மா எடுத்துப் போங்கள்.”

மண்டியில் ‘சும்மா எடுத்துக்கினு போ’ என்று ஒருவன் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: உனக்கெல்லாம் இதை வாங்க வக்கில்லை, நடையைக் கட்டு. இன்பசேகரனுக்குக் காது சூடாயிற்று. ஆனாலும் தொழில் தெரிந்தவன். மண்டியில் பேரத்துக்கு ஒரு முறை உண்டு. முதல் தடவை கேட்க வேண்டும், விற்பவன் மழுப்புவான். இரண்டாம் தடவை கேட்க வேண்டும், மறுபடி மழுப்புவான். அப்போது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட வேண்டும். மூன்றாம் தடவை கேட்கிறவன் பிச்சைக்காரன். எழுந்த பிறகு வேகமாக நடக்கக் கூடாது, கூப்பிட அவகாசம் இருக்காது. நின்று நின்று நடக்கவும் கூடாது, குட்டு வெளிப்பட்டுவிடும். ஒழுங்காக நடந்தால் பத்தாவது எட்டில் முதுகுக்குப் பின்னால் ‘யோவ், இங்க வாய்யா’ என்று குரல் வரும். விலை பிறக்கிற இடம் அதுதான்.

இன்பசேகரன் துண்டை உதறினான். நடந்தான். பத்து எட்டு ஆயிற்று. இருபது ஆயிற்று. தபால் பெட்டி வந்தது. குரல் வரவில்லை.

வீட்டில் அம்மா தபீதாள் நடந்ததைக் கேட்டுவிட்டு, “அது இன்னாடா பெரிய பலகாரம்?” என்றாள். “மாவுக்குள்ள பூரணம் வெச்சு எண்ணெயில போட்டா கஜ்ஜிக்காய். நான் சுட்டுத் தரேன், அதுக்கு நீ பாரசீகப் பேரு வெச்சுக்கினு போ.”

“கம்பவுண்டரு கண்டுபுடிச்சிடுவாரும்மா.”

“அவுரு இன்னாத்தக் கண்டாரு!”

“பாஸ்ராவக் கண்டாரே.”

ஞானசிங் நாற்காலியில் சாய்ந்தபடி யோசித்தார். அவருக்கு வியாபாரம் என்றால் தெலுங்குதான் முதலில் வரும். “பேரம் குதரலேதா ரா? படியலயா? வெல சொல்லாதவன் சரக்க வேற எவனுக்கோ ஒத்துக்கினு இருக்கான்னு அர்த்தம். எவனோ வக்கீலு முந்திக்கினான். நீ வேணும்னு போகாத. வேணாம்னு போ.”

ஆகவே புதன்கிழமை இன்பசேகரன் வேண்டாம் என்று போனான். ஒரு பன்னும் டீயும் சொன்னான். பன்னைப் புகழ்ந்தான். ரஸ்க்கைப் புகழ்ந்தான். வேலூரில் ஒரு கடையில் கோத்தாப்பு அடுக்கடுக்காகக் குவிந்துகிடக்கிறது, கேட்பாரில்லை என்றான். மீர்சாவின் கண்கள் விரிந்தன.

“வேலூரிலா? யஸ்த் ஊர்க்காரரா? பெயர் என்ன? நான் போய்ப் பார்க்க வேண்டுமே!”

பொய் இப்படித் திசைமாறும் என்று இன்பசேகரன் எதிர்பார்க்கவில்லை. “கட மூடிட்டான்,” என்றான் அவசரமாக. “அது போவட்டும். நாப்பது கோத்தாப்பு சாயபு. சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேக்கறேன். இன்னா வெல?”

கை நெஞ்சுக்குப் போயிற்று. “தங்கள் காலடி பட்ட கடை. தங்களிடம் விலை சொல்வேனா?”

“தமாஷ் வேணாம். வெல?”

“தங்களுக்குத்தான். எடுத்துப் போங்கள்.”

இரண்டாயிற்று. இன்பசேகரன் எழுந்தான். இந்தத் தடவை தபால் பெட்டியைத் தாண்டி, கோர்ட்டு மதில் முடியும் இடம் வரைக்கும் ஒழுங்காக நடந்து, செருப்பில் கல் மாட்டிய மாதிரி குனிந்து, அக்குள் வழியாகப் பின்னால் பார்த்தான். கிழவர் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கூப்பிடவில்லை. முகத்தில் தந்திரமும் இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி சாப்பிடாமல் போவதைப் பார்க்கிறவர் போல் நின்றார். அந்த முகத்தை எந்த விலைக்குள் அடக்குவது என்று இன்பசேகரனுக்குப் புரியவில்லை.

வியாழன் முழுக்க அவனுக்கு மண்டியில் மனசு நிற்கவில்லை. புத்தூர் பக்கத்து விவசாயி ஒருவர், அப்பாவு என்று பேர், தான் கேட்ட விலையை அப்படியே வாங்கிக்கொண்டு போனார். போனவர் சந்தேகப்பட்டுத் திரும்பி வந்து, “தம்பி, ஒடம்பு சரியில்லயா?” என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் மூன்றாம் தடவை கடைக்குப் போனான். மறுநாள் விடியலில் திருப்பதி வண்டி. இனி எழுந்து நடந்துவிட்டுத் திரும்பி வருவதற்கு நாள் இல்லை. போகிற வழியிலேயே முடிவு செய்துவிட்டான்: மானம் போனாலும் போகட்டும், கோத்தாப்பு இல்லாமல் இந்தக் கடையை விட்டு எழுந்திருப்பதில்லை. உள்ளே போய், பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து, தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்துத் தொடைக்கடியில் வைத்து அதன் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டான். உதறுவதற்குத் துண்டே கைக்கு வரக் கூடாது.

“சாயபு, நாப்பது கோத்தாப்பு. வெல சொல்லுங்க.”

“தங்களுக்கு விலையா?”

“வெல சொல்லுங்க.”

“சும்மா எடுத்துப் போங்கள்.”

கால்கள் பழக்கத்தில் எழப் பார்த்தன. இன்பசேகரன் இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டான். தொண்டையைச் செருமினான். அவன் பரம்பரையில் யாரும் சொல்லாத வார்த்தையைச் சொன்னான்:

“மூணாவது தடவயாவும் கேக்கறேன் சாயபு. வெல சொல்லுங்க.”

“மூன்று ரூபாய்,” என்றார் மீர்சா, நேரம் சொல்வது போல.

இன்பசேகரன் பெஞ்சிலிருந்து கையை எடுத்தான். “இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?”

“முதலிலேயா?” கிழவர் அதிர்ந்துபோனார். “கேட்டவுடன் விலை சொன்னால் தங்களைக் காசுக்காகப் பார்க்கிறேன் என்றல்லவா ஆகும்? எங்கள் பக்கத்தில் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வருகிறவர் மூன்றாம் தடவையும் கேட்பார். அப்போது சொல்லுவோம். அதுதான் மரியாதை. வக்கீல்களோடு இந்தச் சங்கடமில்லை, பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் விலையை எழுதி மாட்டியிருக்கிறேன். இது வீட்டுப் பலகாரம். தாங்கள் இரண்டு நாளும், இரண்டாம் தடவையோடு எழுந்து போய்விட்டீர்கள். இந்தப் பிள்ளைக்கு என் கைப் பண்டத்தின் மேல் அவ்வளவு அலட்சியமா என்று வருத்தமாக இருந்தது.”

“அலட்சியமா! சாயபு, எங்க மண்டியில ரெண்டு தடவ கேட்டுட்டு எழுந்து நடக்கணும். நீங்க கூப்பிடணும்.”

“போகிறவரை எப்படிக் கூப்பிடுவது? அது அவமரியாதை இல்லையா?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது கிழவர். மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த நாகபூஷணம் என்ற வக்கீல் குமாஸ்தாவும் விஷயம் புரிந்து சிரிக்க ஆரம்பித்து, டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் இன்பசேகரனுக்குத் தொழில் புத்தி தலைதூக்கிற்று. “மூணு ரூபா கொஞ்சம்…” என்று ஆரம்பித்தான். மீர்சாவின் வலக்கை மெல்ல நெஞ்சை நோக்கிக் கிளம்பியது. மறுபடி முதலிலிருந்தா! இன்பசேகரன் பதறிப்போய் மூன்று ரூபாயை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டான்.

“ஆனால்,” என்றார் மீர்சா, “எப்போது வேண்டும்?”

“நாளைக்கு விடியல்ல வண்டி.”

“தம்பி! இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மத்தியானம் தொழுகைக்குப் போக வேண்டும். அடுப்பு பார்க்கிற ஆள் ஊருக்குப் போயிருக்கிறான். நாற்பதை நான் ஒருவனாகச் செய்ய முடியாது.”

இன்பசேகரன் சட்டைக் கையை மடித்தான். “நான் இருக்கேன். சொல்லுங்க.”

வாதாம் பருப்பை வெந்நீரில் போட்டு எடுத்து, விரலால் பிதுக்கித் தோலை உரிப்பது அவன் வேலை. கிழவர் தொழுகைக்குப் போனபோது கடையையும் அவனிடமே விட்டுப் போனார். திரும்பி வந்தவரிடம் அவன் பெருமையாகச் சொன்னான்: “வெலப் பலகயத் திருப்பி மாட்டிட்டு, அரையணா பன்ன முக்காலணாவுக்கு வித்திருக்கேன் சாயபு. மூணு ஆளு.” மீர்சாவின் முகம் கறுத்தது. அந்த மூன்று பேரையும் இன்பசேகரன் கோர்ட்டு வராந்தாவில் தேடிப் பிடித்து ஆளுக்குக் காலணா திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் மாவைத் தொட விட்டார்.

மாவு இன்னும் பொல்லாதது. கிழவர் உள்ளங்கையில் ஒரு வட்டம் தட்டி, நடுவில் வாதாம் பொடியும் சர்க்கரையும் ஏலக்காயும் வைத்து, மூன்று விரலால் ஒரு திருகு திருகினால் கோலிக்குண்டு போல் மூடிக்கொள்ளும். இன்பசேகரன் திருகினால் வாய் பிளக்கும். பிளந்தது எண்ணெயில் விழுந்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்து கருகும். கிழவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, பிளந்ததைச் சத்தமில்லாமல் அவன் பக்கமே தள்ளினார். அவன் பிரித்து மறுபடி தட்டினான். பத்து, பதினைந்து என்று தள்ளப்பட்டது. முதுகு பிடித்துக்கொண்டது. கட்டைவிரல் மரத்துப்போயிற்று.

“யாருக்கு இது?” என்று கேட்டார் மீர்சா ஒரு நேரத்தில்.

“ஒரு பொண்ணோட அப்பனுக்கு.”

“அப்படியானால் மூடும் வரைக்கும் தட்டுங்கள்.”

பொழுது சாயும் நேரத்தில் நாற்பதும் பொரிந்து, சர்க்கரைப் பொடியில் புரண்டு, தகர டப்பாவில் அடுக்காக உட்கார்ந்தன. அதில் பதினொன்று இன்பசேகரன் மூடியவை. எவை என்று அவனாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் வண்டியில் யாத்திரைக் கூட்டம். டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாகாலாவில் ஏறிய கமலம்மா என்ற அம்மாள் எதிரே உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“இன்னா நாயனா அது, சாமிக்கு முடிஞ்ச காணிக்கயா?”

“மாமனாருக்கு முடிஞ்சதும்மா.”

“அப்ப கெட்டியாப் புடிச்சுக்கோ,” என்றாள் அவள். “சாமியாச்சும் கொறஞ்சா மன்னிப்பாரு.”

ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் இருந்த கம்பவுண்டர் வீட்டில் அன்று வேலூர்க்காரர்களை வரவேற்கத் தரை கழுவியிருந்தார்கள். நாற்காலிகள் சுவரோரம் வரிசையாக நின்றன. இயேசுதாசன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கழுத்துப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தார். இன்பசேகரன் உள்ளே வந்து, டப்பாவை மேஜை மேல் வைத்து மூடியைத் திறந்தான். ஏலக்காய் வாசனை அறை முழுக்கப் பரவியது.

கம்பவுண்டர் கழுத்திலிருந்து கையை எடுத்தார். டப்பாவைப் பார்த்தார்.

“இன்னாங்க?” என்றாள் அவர் மனைவி லோயிஸ், சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்து. “அதுவா இது?”

“வாசன அதுதான்.”

“துன்னு பாருங்க.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சலவைச் சட்டை கசங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை. “லோயிஸு, நான் அத துன்னதே இல்ல.”

“இன்னாது!”

“ஆபீசருங்க வார்டுக்குத் தட்டு கொண்டுபோறது எங்க வேல. ஒரு காப்டன் காய்ச்சல்ல கெடந்தான். அவனுக்கு ஒரு பாரசீக வியாபாரி தெனமும் அனுப்புவான். நான் தட்டப் புடிச்சிக்கினு பக்கத்துலயே நிப்பேன். வாசன மூக்கத் தொளைக்கும். ஒண்ணு எடுத்துக்கோன்னு அவன் ஒரு நாள்கூடச் சொல்லல.”

“பதினாறு வருஷமா பல்லே படாம கரையும்னு சொன்னீங்களே!”

“அவன் மெல்லவே இல்லியே! நான் பார்த்துக்கினே நின்னேன்.”

லோயிஸ் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இன்பசேகரன் டப்பாவைத் தூக்கி அவர் எதிரில் நீட்டினான். “எடுத்துக்குங்க மாமா.”

அவர் ஒன்றை எடுத்தார். உற்றுப் பார்த்தார். முழுசாக வாயில் போட்டார். எல்லாரும் அவர் தாடையையே பார்த்தார்கள்.

“பல்லு படுதுப்பா,” என்றார் கடைசியில். கண்ணில் நீர் கோத்திருந்தது. “ஆனா நல்லாகீது. ரொம்ப நல்லாகீது.” இன்னொன்றை எடுத்தார். அதையும் முடித்துவிட்டு, சட்டையில் உதிர்ந்த சர்க்கரையைத் தட்டி, தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “சந்தோசம் தம்பி. இவ்ளோ தூரம் தூக்கினு வந்திருக்க. ஆனா வேலூர்க்காரங்க மூணு மணி வண்டியில வராங்க…”

“மாமா. கொண்டாந்து வை, அப்புறம் பேசலாம்னீங்க. கொண்டாந்து வெச்சேன். பேசுங்க.”

“பேசலாம்னுதானே சொன்னேன்? குடுக்கறேன்னா சொன்னேன்?”

“அப்ப பேசுங்க. மூணு மணி வரைக்கும் பேசுங்க. அதுக்கு மேலயும் பேசுங்க. வேலூர்க்காரங்க வந்தா அவங்களுக்கும் நாற்காலி இருக்குது. நான் எழுந்துக்கறதா இல்ல.” உட்கார்ந்தான்.

கம்பவுண்டர் பதில் தேடுவதற்குள் உள் அறைக் கதவு திறந்தது. ஜெயகுமாரி வந்தாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்காக உடுத்திய பட்டுச் சேலை, அதன் மேல் மாவு படாமல் இருக்க ஒரு பழைய துண்டு.

“நைனா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. நான் பேசறேன்.” இன்பசேகரன் பக்கம் திரும்பினாள். “ஒண்ணு. நான் வேலைக்குப் போவேன். சித்தூர்ல பள்ளிக்கூடத்துல எடம் கேட்டு எழுதிட்டேன்.”

“எப்ப எழுதின?” என்றார் கம்பவுண்டர்.

“போன சனிக்கெழம. இவுரு தெருமுனை திரும்பறதுக்குள்ள.”

அவள் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள் என்று இன்பசேகரனுக்குப் புரிந்தது. முகத்தில் காட்டிக்கொண்டானா என்பது அவனுக்கே தெரியாது. “சரி,” என்றான்.

“ரெண்டு. கிறிஸ்துமஸ் இங்கதான்.”

“அது எப்பிடி? எங்கம்மா வூட்டுல ஒண்டியா ஒக்காந்திருப்பாங்களா? கிறிஸ்துமஸ் அங்க. ஈஸ்டர் இங்க.”

“ஈஸ்டருக்கு லீவு எத்தினி நாளு? கிறிஸ்துமஸ் இங்க.”

“ஒரு வருஷம் உட்டு ஒரு வருஷம்.”

அவள் யோசித்தாள். கம்பவுண்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மொத வருஷம் இங்க,” என்றாள் ஜெயகுமாரி.

“மொத வருஷம் இங்க,” என்றான் இன்பசேகரன்.

லோயிஸ் கையிலிருந்த துணியை மேஜையில் போட்டாள். “இன்னும் இன்னாங்க பார்த்துக்கினு ஒக்காந்திருக்கீங்க? அதான் முடிஞ்சுபோச்சே. இவங்க கிறிஸ்துமஸே பங்கு போட்டுக்கினாங்க. ஸ்டேஷனுக்குப் போயி வேலூர்க்காரங்களுக்கு வெவரம் சொல்லுங்க. வூடு வரைக்கும் வர உட்டு இல்லன்னு சொல்றது நல்லாயிருக்காது.”

“இன்னான்னு சொல்றது?”

“உண்மையச் சொல்லுங்க. பொண்ணு ஒத்துக்கலன்னு.”

“வெறுங்கையோட போயி எப்பிடிச் சொல்லுவேன்?”

“நானும் வரேன் மாமா,” என்று எழுந்தான் இன்பசேகரன்.

“நீ வராதடாப்பா. நீ வந்தா அங்கயும் ஒக்காந்துக்குவ.”

லோயிஸ் ஒரு காகிதத்தில் பன்னிரண்டு கோத்தாப்புகளை எடுத்துவைத்து, நூல் சுற்றிக் கட்டினாள். வேலூரிலிருந்து வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு வருத்தப்பட வேண்டாம் என்றாள். கம்பவுண்டர் ஒரு பெருமூச்சோடு குடையை எடுத்துக்கொண்டார். பொட்டலத்தை ஒரு கையில் ஏந்தி, படியிறங்கி, ஆஸ்பத்திரி மதிலோரமாக ஸ்டேஷன் ரோட்டுக்கு நடந்தார்.

அவர் வேப்பமரத்தைத் தாண்டும்போது லோயிஸ் வாசலிலிருந்து கத்தினாள்: “வழியில பிரிச்சிடாதீங்க! பன்னெண்டு வெச்சிருக்கேன்!”

அவர் திரும்பவில்லை. சரி சரி என்று குடையை உயர்த்தி ஆட்டினார். பின்னாலிருந்து பார்க்கும்போதே அவர் தாடை அசைவது தெரிந்தது.